ரெண்டு பேர், ரெண்டு சிகரம், மைனஸ் 15 டிகிரி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு சின்ன மாநிலம். அங்கே இருக்கும் ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரின் உயரத்தை மட்டும் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். மிக உயரமான மவுண்ட் வாஷிங்டனே 6,288 அடிதான், அதாவது 1,917 மீட்டர். நம்ம தொட்டபெட்டா அதை விட 700 மீட்டர் உயரம். ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று இதே வாஷிங்டன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகி இருக்கிறது. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு புயல் முறியடிக்கும் வரை அதுதான் உலக ரெக்கார்ட். 2023 பிப்ரவரியில் அதே உச்சியில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரி செல்சியஸ். காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மைனஸ் 78.

இந்த மலைகளுக்குத்தான் சனி, ஞாயிறு ஆனால் பாஸ்டன் பக்கத்திலிருந்து ஜோடி ஜோடியாகக் கிளம்பிப் போகிறார்கள். விடியும்போது ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் ஒரு நாள் நடை. டென்ட் கிடையாது, கைடு கிடையாது. என் பெரியம்மா பொண்ணும் மாமாவும் அப்படிப் போகிறவர்கள்தான். இந்த ஜனவரியில் மவுண்ட் பியர்ஸ், மவுண்ட் ஐசன்ஹோவர் என்று ரெண்டு சிகரம் பிளான் பண்ணி, ஒன்றை முடித்துவிட்டு, ரெண்டாவதுக்கு இன்னும் இருபது நிமிஷ நடை இருக்கும்போது திரும்பி வந்துவிட்டார்கள். ஃபேமிலி குரூப்பில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அவ்ளோ தூரம் போயிட்டு ஏன் திரும்புனீங்க?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதில் நாம் படித்த தெர்மோடைனமிக்ஸும் இருக்கிறது, லாஜிக் கேட்டும் இருக்கிறது.

பாதை எப்படி இருக்கும்?

ரெண்டு சிகரத்துக்கும் ஒரே வழிதான். அதன் பெயர் கிராஃபோர்ட் பாத். 1819-ல் ஏபல் கிராஃபோர்ட் என்பவரும் அவர் மகன் ஈதன் ஆலன் கிராஃபோர்டும் வெட்டிய பாதை. அமெரிக்காவில் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வரும் நடைபாதைகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். சுமார் 1,900 அடியில் ஆரம்பித்து, கிப்ஸ் என்ற நீரோடையை ஒட்டிக் காட்டுக்குள் ஏறுகிறது. மூன்று மைலுக்குக் கொஞ்சம் மேலே நடந்தால் 4,310 அடியில் பியர்ஸ். அங்கிருந்து கொஞ்சம் இறங்கி, திறந்த மலைமுகடு வழியாக மறுபடி ஏறினால் 4,760 அடியில் மொட்டைத் தலை மாதிரி உருண்டையாக ஐசன்ஹோவர். போக வர மொத்தம் சுமார் 15 கிலோமீட்டர்.

சிகரங்களின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இரண்டும் அமெரிக்க அதிபர்களின் பெயர். ஐசன்ஹோவர் உச்சியிலிருந்து கீழே பார்த்தால் பிரெட்டன் உட்ஸ் தெரியும். 1944 ஜூலையில் 44 நாடுகள் உட்கார்ந்து ஐ.எம்.எஃப், உலக வங்கி ரெண்டையும் உருவாக்கிய மாநாடு நடந்த ஹோட்டல் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டும் 'நாலாயிரம் அடி' பட்டியலில் வரும் சிகரங்கள். அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் வைத்திருக்கும் அந்தப் பட்டியலில் நியூ ஹாம்ப்ஷயரின் 48 சிகரங்கள் உண்டு. 48-ஐயும் குளிர்காலத்திலேயே ஏறி முடிப்பவர்களுக்குத் தனி அங்கீகாரம். டிசம்பர் கடைசியில் குளிர்காலம் தொடங்கும் நாளிலிருந்து மார்ச்சில் வசந்தம் பிறக்கும் நாள் வரைக்கும் ஏறினால்தான் அது கணக்கில் வரும். பட்டியல்னு ஒன்று இருந்தாலே அதை முடிக்கணும்னு கை அரிக்கும், அரியர் பேப்பர் மாதிரி. இந்த அரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வரும்.

முதல் எதிரி குளிர் இல்லை, வியர்வை

மைனஸ் பத்தில் மலை ஏறுகிறவர் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறுவார் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி யாரும் ஏறுவதில்லை.

நம் உடம்பு ஒரு சுமாரான இன்ஜின். தசைகள் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். செங்குத்தாக ஏறும்போது அந்த வெப்பம் நிறைய வெளியே போயாகணும். பெரிய ஜாக்கெட் அதைத் தடுத்தால் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்ப்பது. ஏறும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. உச்சியில் காற்றில் ரெண்டு நிமிஷம் நின்றதும் நனைந்த துணி வேலையைக் காட்டும். அசையாத காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்திச் சட்டை அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் குளிர்கால மலையேற்றத்தில் பருத்திக்கு இடமே இல்லை, ஜீன்ஸுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா சொல்லும் விதி ரொம்ப எளிது: "கார்ல இருந்து இறங்கி நடக்க ஆரம்பிக்கும்போது குளிரணும். குளிரலைன்னா ஒரு துணி அதிகமா போட்டிருக்கேன்னு அர்த்தம்." உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன். அதற்கு மேலே மெல்லிய ஃபிளீஸ். காற்று வந்தால் அதைத் தடுக்க ஒரு ஷெல். இறகு அடைத்த தடி ஜாக்கெட் பைக்குள்ளேயே இருக்கும். நின்றால் போடணும், நடந்தால் கழட்டணும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று ஜிப்பைத் திறப்பது, தொப்பியைக் கழட்டுவது, கையுறையை மாற்றுவது என்று நாள் முழுக்க இந்த வேலைதான். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வரும் ஃபீட்பேக் லூப்பைக் கையால் இயக்குவது மாதிரி.

காலுக்குக் கீழே

கூட்டம் நடந்த பாதையில் பனி அமுங்கி, நடுவில் தண்டவாளம் மாதிரி கெட்டியாக இருக்கும். அதன் மேல் நடந்தால் பூட்ஸில் மாட்டும் சின்ன இரும்பு முள்களான மைக்ரோஸ்பைக் போதும். ஓரத்தில் கால் வைத்தால் இடுப்பு வரை உள்ளே போய்விடும். புதுப் பனி விழுந்திருந்தால் ஸ்னோஷூ வேண்டும். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தது. ஸ்னோஷூ பரப்பை நாலஞ்சு மடங்கு கூட்டுகிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். ஸ்னோஷூ இல்லாமல் நடந்தால் உங்களுக்கு மட்டும் கஷ்டமில்லை. நீங்கள் போட்ட குழிகள் ராத்திரியில் உறைந்து, அடுத்த நாள் வருபவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும். பக்கத்து நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் எட்டு இஞ்சுக்கு மேல் பனி இருந்தால் உயர்ந்த சிகரங்கள் இருக்கும் பகுதியில் ஸ்னோஷூ அல்லது ஸ்கீ கட்டாயம்னு விதியே உண்டு.

இன்னொரு வேடிக்கை. மரத்தில் வழிகாட்ட அடித்திருக்கும் பெயிண்ட் அடையாளம் கோடையில் கண் உயரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் நீங்கள் ஒரு மீட்டருக்கு மேல் பனியின் தலையில் நடப்பதால் அது முழங்கால் கிட்ட இருக்கும், இல்லைன்னா புதைந்தே போயிருக்கும். கோடையில் தலைக்கு மேலே இருந்த கிளை இப்போது நேராக முகத்தில் அடிக்கும். மரங்கள் முடிந்த பிறகு கல்லைக் குவித்து வைத்த அடையாளங்கள்தான் வழி.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பார்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் சேரும், மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். போன் சட்டைக்குள் உடம்பை ஒட்டி இருக்கணும். குளிரில் லித்தியம் அயான் பேட்டரி அறுபது சதவீதம் காட்டிக்கொண்டே படக்கென்று அணைந்துவிடும். சாக்லேட் பார் கல்லாகிவிடும், அதனால் அதையும் முன்னாடியே பாக்கெட்டில் போட்டுச் சூடாக்கி வைக்கணும்.

நேரக் கணக்கு

மலைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒவ்வொரு மைலுக்கும் அரை மணி நேரம், ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு அரை மணி நேரம். இந்தப் பாதையில் ஐசன்ஹோவர் வரை போக சுமார் நாலு மணி நேரம் வரும். அது வழக்கமான கணக்கு. பனி, துணி மாற்றுவது, முள் மாட்டுவது எல்லாம் சேர்த்தால் இன்னும் முக்கால் மணி. இறங்க மூன்று மணி. ஜனவரி நடுவில் அங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக மிச்சம் இருப்பது ஒன்றரை மணி நேரம் சொச்சம். ஒரு சுளுக்கு, ஒரு வழி தவறல், அந்த மிச்சம் காலி.

அதனால் காரிலேயே ஒரு நேரத்தை முடிவு செய்துவிடுவார்கள். அக்கா ஜோடி காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. திரும்பும் நேரம் பன்னிரண்டே முக்கால். அந்த நேரத்தில் உச்சிக்கு நூறு அடி இருந்தாலும் யு-டர்ன்.

காற்று வரும் இடம்

காட்டுக்குள் காற்றே தெரியாது. மரங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பியர்ஸ் உச்சிக்குப் பக்கத்தில் மரங்கள் குட்டையாகி, இடுப்பு உயரமாகி, பனியில் மூடிய பொம்மைகள் மாதிரி ஆகின்றன. அதைத் தாண்டினால் திறந்த முகடு.

வாஷிங்டன் உச்சியில் 1932 முதல் ஒரு வானிலை ஆய்வகம் இயங்குகிறது. அவர்கள் தினமும் உயர்ந்த சிகரங்களுக்கென்று தனி முன்னறிவிப்பு தருகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் ஏறும் யாரும் அதைப் படிக்காமல் காரை எடுக்க மாட்டார்கள். அன்றைக்குச் சொன்னது மைனஸ் 15 டிகிரி, வடமேற்கிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று.

இதை 'விண்ட் சில்' சூத்திரத்தில் போட்டால் மைனஸ் 29 வருகிறது. தெர்மாமீட்டர் மைனஸ் 15-தான் காட்டும். ஆனால் நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் இருக்கிறது இல்லையா, அதைக் காற்று தொடர்ந்து உரித்து எடுத்துக்கொண்டே இருக்கும். அசையாத காற்றில் மைனஸ் 29-ல் எவ்வளவு வேகமாக வெப்பம் போகுமோ அவ்வளவு வேகத்தில் திறந்த முகத்திலிருந்து போகும். இந்த அளவில் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் உறையலாம்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 50 என்பது 100 ஆனால் தள்ளு நாலு மடங்கு. ஆனால் அன்றைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நடக்க முடிகிற காற்றுதான். வானம் பளிச்சென்று நீலம். வாஷிங்டன் முழுசாகத் தெரிந்தது. பதினொன்றே காலுக்குப் பியர்ஸ். மரங்களின் மறைவில் கால் மணி நேரம் நின்று, கண்ணாடி, முகமூடி, தடி கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு பதினொன்றரைக்கு முகட்டில் இறங்கினார்கள். பன்னிரண்டு இருபதுக்கு ஐசன்ஹோவரின் மொட்டைத் தலைக்குக் கீழே. மேலே ஏற இருபது நிமிஷம். கடிகாரமும் சரின்னு சொல்கிறது, வானமும் சரின்னு சொல்கிறது.

பழுதாவது சென்சார்

அந்த இடத்தில் அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தாள். கண்ணாடிக்கும் முகமூடிக்கும் நடுவில், இடது கன்ன எலும்பின் மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு. பியர்ஸிலிருந்து ஐசன்ஹோவர் போகும் திசைக்கு வடமேற்குக் காற்று இடது கன்னத்தில்தான் விழும்.

"உனக்கு கன்னத்துல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்லடி, இப்பதான் நல்லா இருக்கு. முன்னாடி எரிஞ்சுது."

'இப்பதான் நல்லா இருக்கு' என்பதுதான் பயப்பட வேண்டிய வாக்கியம். தோல் உறையத் தொடங்கும்போது முதலில் எரியும், குத்தும். அப்புறம் நரம்பு வேலை நிறுத்தும். வலி போய்விடும். அதாவது அளவு எல்லையைத் தாண்டியதும் சென்சார் 'எல்லாம் நார்மல்' என்று ரீடிங் கொடுக்க ஆரம்பிக்கும். கண்ணாடி இல்லாமல் தன் கன்னத்தைத் தானே பார்க்க முடியாது. அதை எதிரில் இருப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும்.

இது கன்னத்தோடு நின்றால் பரவாயில்லை. உடம்பின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அது தொடங்கும்போது பாதிக்கப்படுவது முடிவெடுக்கும் மூளையே. கால் தடுக்கும், கையில் இருப்பது நழுவும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஆனால் அந்த ஆளைக் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல, போலாம்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். அதனால்தான் ஜோடியாகப் போகிறவர்கள் நடுநடுவே ஒருவரை ஒருவர் சோதிப்பார்கள். கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடச் சொல்வது, ஜிப்பைப் போடச் சொல்வது, ஏதாவது பேச வைப்பது. விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அது காலிப்ரேஷன்.

2015 பிப்ரவரியில் இதே மலைத்தொடரில் தனியாக ஏறிய அனுபவமுள்ள ஒரு பெண், கடும் காற்றில் சிக்கி இறந்துபோனார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அப்போ ரெண்டு பேர் போனால் சரியாகிவிடுமா? இல்லை. 2008 பிப்ரவரியில் பக்கத்து ஃபிராங்கோனியா முகட்டில் இரண்டு நண்பர்கள் ஒன்றாகப் போய் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார். ஒரே குளிர் ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் தாக்கினால் ரெண்டு சென்சாரும் சேர்ந்து பழுதாகும். டூப்ளிகேட் வைத்திருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே பவர் சப்ளை என்றால் என்ன பிரயோஜனம்? அதனால் தலை தெளிவாக இருக்கும்போதே, கீழே, காரில் உட்கார்ந்து விதியை எழுதிவிட வேண்டும்.

ஆண்ட் கேட், ஆர் கேட்

அவர்கள் விதி இதுதான். மேலே போக ரெண்டு பேரும் 'சரி' சொல்லணும். திரும்ப ஒருத்தர் சொன்னால் போதும். முன்னேறுவது ஆண்ட் கேட், திரும்புவது ஆர் கேட். காரணம் கேட்கக் கூடாது, சமாதானம் பண்ணக் கூடாது, அடுத்த வாரம் குத்திக் காட்டவும் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஜோடிக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். இவர் ஆசையைக் கெடுக்க வேண்டாமே என்று அவள் வாயை மூடிக்கொள்வாள். அவள் முன்னாடி முடியலைன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறோம், இருபது நிமிஷம்தானே என்று பட்டியல் வேறு உள்ளே அரிக்கும். ரெண்டு பேருக்கும் மனசுக்குள்ள திரும்பணும்னு இருக்கும், ரெண்டு பேரும் அடுத்தவருக்காக மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். விதி முன்னாடியே இருந்தால் இந்த நாடகத்துக்கு இடமில்லை. அக்கா "போதும், திரும்பலாம்" என்றாள். மாமா ஒரு முறை உச்சியைப் பார்த்தார், "சரி" என்றார்.

மரங்களுக்குள் வந்ததும் அவள் சூடான உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். தேய்க்கக் கூடாது, உறைந்த தோல் கிழியும். சில நிமிஷத்தில் நிறம் திரும்பியது, அதோடு நல்ல வலியும். வலி வந்ததே நல்ல செய்தி. மூன்று மணிக்குள் கார்.

போயிருந்தால்? ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். கன்னத்தில் நிரந்தரத் தழும்பு வந்திருக்கலாம். மேலே காற்றில் ஒருவருக்குக் கால் பிசகியிருந்தால் மீட்பு வர மணிக்கணக்கில் ஆகும். நியூ ஹாம்ப்ஷயரில் மாநில வனவிலங்குத் துறை அதிகாரிகளும் தன்னார்வலர்களும் அதே காற்றில் நடந்துதான் மேலே வரணும். அலட்சியமாக நடந்து மாட்டிக்கொண்டவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்க அங்கே சட்டம் இருக்கிறது. 2015 முதல் 25 டாலருக்கு 'ஹைக் சேஃப்' அட்டை விற்கிறார்கள். அது இருந்தால் அந்தச் செலவிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனாலும் வேண்டுமென்றே விபரீதம் பண்ணினால் அட்டையும் காப்பாற்றாது.

நமக்கு எதுக்கு இது?

நம்ம காலேஜிலிருந்தும் டிசம்பர் லீவில் உத்தரகாண்ட் பக்கம் கேதார்கந்தா மாதிரி பனி ட்ரெக் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது 12,500 அடி. அங்கே கைடு இருப்பார், கேம்ப் இருக்கும். ஆனால் கன்னத்து நரம்பு எங்கேயும் ஒரே மாதிரிதான் பொய் சொல்லும். இருபது பேர் கூட்டமாகப் போகும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது இன்னும் குறையும். எல்லாரும் போனைப் பார்ப்போம்.

கிளம்புவதற்கு முன் ரெண்டு ரெண்டு பேராகப் பிரியுங்கள். உங்கள் ஜோடியோடு மூன்று விஷயம் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்று, அரை மணிக்கு ஒருமுறை முகமூடியை இறக்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. ரெண்டு, டார்ச், சாப்பாடு, கூடுதல் கையுறை எல்லாம் ரெண்டு பையிலும் தனித்தனியாக இருப்பது. எல்லா டார்ச்சும் ஒரே பையில் இருந்து அந்தப் பை பின்னாடி தங்கிவிட்டால் யாருக்கும் வெளிச்சம் இல்லை. மூன்று, 'திரும்பலாம்' என்ற வார்த்தைக்கு ஒரே ஓட்டு போதும் என்பது.

மூன்றாவதை மட்டும் ரூமிலேயே, சூடாக டீ குடிக்கும்போதே பேசிவிடுங்கள். மேலே போன பிறகு பேச ஆரம்பித்தால், பேசுவது நீங்களா குளிரா என்று யாருக்கும் தெரியாது.